வாயிருந்தால் வங்காளம் போகலாம். பஸ் இருந்தால்தான் சித்தன்னவாசல் போகலாம்

(புதுக்கோட்டையில் ஒரு வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் ‘தனியே ஒரு பயணம்’ என்ற தலைப்பில் பேசியது. பேச்சில் விட்டுப்போன சில வரிகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி என் நேரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்ட வணிகர் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, இந்த நூலகத்தில் சத்தம் போட்டுப் பேச எனக்கு முதல்முறையாக அனுமதி தந்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, கண் மருத்துவர் ஐயா அவர்களே (இந்த வயதிலும் எனக்குக் கல்வெட்டு தெரிகிறது என்றால் அது ஐயா வைத்த லென்ஸ்), வார்டு உறுப்பினர் அவர்களே, என்னிடம் கணக்குப் படித்து, கணக்கை மறந்து, என்னை மறக்காமல் வந்திருக்கும் மாணவிகளே, பின்வரிசையில் சுண்டலுக்காகக் காத்திருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னிக்கணும். போன வருஷம் ஒரு கூட்டத்தில் புரவலர் ஒருவரை விட்டுவிட்டேன். அவர் இன்றுவரை என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

சால்வைக்கும் நன்றி. இதோடு என்னிடம் 18 சால்வை. அடுத்த முறை சால்வைக்குப் பதில் ஒரு டார்ச் லைட் கொடுத்தால் ரொம்ப உபயோகமாக இருக்கும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இன்றைக்கு மூன்று சேதி சொல்லப்போகிறேன். ஒன்று, பெண் தனியாகப் பயணம் போகும்போது பாதுகாப்பு. இரண்டு, போகிற ஊரில் விவரம் தெரிந்த ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி. மூன்று, செலவு.

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். என் அப்பத்தா இதைத் தினமும் ஒரு தரமாவது சொல்லும். அப்பத்தா வங்காளம் போனதில்லை, திருச்சியே இரண்டு தரம்தான். நானும் வங்காளம் போனதில்லை. மகள் சென்னையிலிருந்து போன் போட்டு, “கொல்கத்தாவுக்கு டிக்கெட் எடுத்துத் தர்றேன்மா, போயிட்டு வா” என்கிறாள். “இரு, முதலில் விராலிமலையைப் பார்த்து முடிக்கிறேன்” என்றேன். 34 வருஷம் இந்த மாவட்டத்தில் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெறும் வரைக்கும் நார்த்தாமலை ஏறாதவள் நான். மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறேன், பூச்சொரிதல் பார்த்திருக்கிறேன். தலையைத் தூக்கி மலையைப் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் நம் ஊர்ப் பெண்களுக்குத் தனியாகப் போகக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை. 1991ல் அறிவொளி இயக்கம் வந்தது, ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கலெக்டர். எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இந்த மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டினார்கள். குவாரியில் கல் உடைத்தவர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள், அங்கன்வாடி ஆயாக்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஆம்பளை சைக்கிளையே எடுத்துக்கொண்டு, அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைத்து ஓட்டினார்கள். நானும் அப்போது தொண்டராகப் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியவள்தான். அப்படிப்பட்ட ஊரில் இன்றைக்கு ஒரு பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால், “துணைக்கு யாரும் வரலையா?” என்று மூன்று வீட்டில் கேட்கிறார்கள்.

துணை இருக்கிறது. ஆனால் அது நம் வீட்டில் இல்லை, போகிற ஊரில் இருக்கிறது. அதற்குத்தான் நார்த்தாமலைக் கதை. தலைவர் மணியைப் பார்க்கிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா, சுருக்கமாகத்தான் சொல்வேன்.

ஓய்வு பெற்ற மறு மாசம். காலையில் நார்த்தாமலையில் இறங்கி, மரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆத்தாவிடம் போய், புத்தகத்தில் படித்தது மாதிரியே கேட்டேன்: “விஜயாலய சோழீச்சரத்துக்கு வழி எது?”

ஆத்தா என்னை மேலும் கீழும் பார்த்தது. “அப்படி யாரும் இங்க குடியில்லையே தாயி.”

“ஆள் இல்ல ஆத்தா, கோயில். மலை மேல இருக்கு.”

“எந்த மலை? இங்க ஒம்பது மலை கெடக்கு. மேலமலையா, கடம்பர்மலையா, பொம்மை மலையா, ஆளுருட்டி மலையா?”

ஆளுருட்டி மலை என்றதுமே எனக்கு முட்டி வலி வந்துவிட்டது. “ஆளை உருட்டாத மலையாப் பார்த்துச் சொல்லு ஆத்தா” என்றேன்.

ஆத்தா சிரித்துவிட்டு, “மாரியாத்தாளக் கும்பிட்டியா? கும்பிடாம மலையில என்ன சோலி?” என்று திருப்பி அனுப்பியது. கும்பிட்டுவிட்டு வந்தேன். ஆத்தா கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தது, பின்னால் பதினோரு ஆடு, அதற்குப் பின்னால் நான். பாதி வழியில், பிறந்து நாலு நாளான குட்டி ஒன்று நடக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. “சும்மாதானே வர்ற, இதத் தூக்கிக்க” என்று என் கையில் கொடுத்துவிட்டது. நான் முதன்முதலாக மேலமலை ஏறியது கையில் ஆட்டுக்குட்டியோடுதான். குட்டி என் புதுச் சேலையில் என்ன செய்தது என்பதை இந்த மேடையில் சொல்ல முடியாது.

வழியில் ஒரு சுனையைக் காட்டி, “இந்தத் தண்ணிக்குள்ள ஒரு சாமி இருக்கு” என்றது. பாறையைக் குடைந்த கோயில், உள்ளே லிங்கம், எல்லாம் நீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. சொல்ல ஆள் இல்லையென்றால் குளம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பேன். மேலே போனால், கற்கோயில் மேற்கே பார்த்து நிற்கிறது. கருவறை வட்டம். கணக்கு டீச்சருக்கு வேறென்ன வேண்டும்? சதுரச் சுவருக்குள் ஒரு வட்டம், சுற்றிலும் சின்னச் சின்னக் கோயில்கள். பெயரில்தான் சோழன். வாசலில் இருக்கும் கல்வெட்டு, சாத்தன் பூதி என்ற தலைவன் கட்டியதாகவும், மழையில் இடிந்துபோனதை மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்ததாகவும் சொல்கிறது. எதிரே இரண்டு குடைவரை. ஒன்றில் ஆள் உயரத்துக்குப் பன்னிரண்டு திருமால், வரிசையாக நிற்கிறார்கள். ஆத்தாவுக்கு அது இன்றைக்கும் ‘சமணர் குடகு’தான். முன்னால் அது சமணப் பள்ளியாக இருந்து பிறகு விண்ணகரம், அதாவது திருமால் கோயில் ஆனது என்று அறிஞர்கள் எழுதியதை, ஆத்தா ஒரே பெயரில் வைத்திருக்கிறது!

இனிமேல்தான் கதையே இருக்கிறது. இறங்கும்போது மணி ஐந்தரை. ஊருக்குள் வரும் பஸ் போய்விட்டது. நெடுஞ்சாலைக்கு நடந்தேன். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகிற பஸ்ஸெல்லாம் அந்த வழியாகத்தானே போகின்றன என்ற தைரியம். போயின. எட்டு பஸ். எண்ணினேன், எண்ணுவது என் தொழில். ஒன்றும் நிற்கவில்லை. இருட்டிவிட்டது, டார்ச் லைட் இல்லை. கையை வீசி வீசித் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். கடைசியில் ஒரு குட்டி யானை நின்றது. டாட்டா ஏஸ் வண்டியைச் சொல்கிறேன். முன்னால் டிரைவர் தம்பி, அவர் சம்சாரம், கைக்குழந்தை. பின்னால் தேங்காய். ஏறிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மகள் போன். “அம்மா, எங்க இருக்க?” பொய் சொல்லிப் பழக்கமில்லை. “தேங்கா மேல இருக்கேன்” என்றேன். போன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மாப்பிள்ளை குரல் மெதுவாகக் கேட்டது: “அத்தை, பக்கத்துல பெரியவங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க.”

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. வாயிருந்தால் வங்காளம் போகலாம், சரி. வாய் இருந்தது, மலை கிடைத்தது, ஆத்தா கிடைத்தது. வீட்டுக்குத் திரும்ப ஒரு பஸ் நிற்கவில்லையே.

அதற்குப் பிறகு விடவில்லை. மாதம் இரண்டு தரம் கிளம்பிவிடுவேன், ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஊர். கூட்டமாகப் போகும் டூரில் என்ன நடக்கிறது? “பத்து நிமிஷம்தான், போட்டோ எடுத்துட்டு ஏறுங்க” என்பார்கள். சித்தன்னவாசலில் சமணக் குடைவரையான அறிவர் கோயிலில் கூரையில் இருக்கும் தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்த்துக் கண் இருட்டுக்குப் பழகவே பத்து நிமிஷம் ஆகும். பழகினால்தான் மீன் தெரியும், யானை தெரியும், பூப்பறிக்கும் ஆள் தெரியும். ஆயிரம் வருஷத்துக்கு மேலான ஓவியம், நம்மிடம் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அதைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்கே பாட்டாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆசிரியன்! நம்ம சாதிசனம். எந்த மானியத்தில் செய்தாரோ.

அங்கே எனக்கு வழி காட்டியது அதே ஊர்க் கல்லூரிப் பையன். மலையின் அந்தப் பக்கம் கூட்டிப்போய் ஏழடிப்பட்டம் என்ற குகையைக் காட்டினான். பாறையில் கால் வைக்க ஏழு குழி வெட்டியிருப்பதால் அந்தப் பெயர். உள்ளே சமணத் துறவிகளுக்கான 17 கற்படுக்கை, வழவழவென்று, தலைமாட்டில் தலையணைபோலக் கொஞ்சம் மேடு. ஒன்றில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து, 2,000 வருஷத்துக்கு முந்தியது. எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை என்று அதைப் படிக்கிறார்கள். எருமைநாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம். யோசித்துப் பாருங்கள். மைசூரிலிருந்து ஒருவர் நடந்தே வந்திருக்கிறார். நம் ஊர்க்காரர்கள் அவருக்குப் பாறையை இழைத்துப் படுக்கை செய்து, அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். இளையர் என்பதை நான் ஊர் இளவட்டங்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன், அந்தப் பையனைப் பார்த்த பிறகு.

இரண்டாவது சேதி அதில் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்ப்பது மட்டும் இல்லை, கையை அழுக்காக்கிக்கொள்ளவும் வேண்டும். நமணசமுத்திரம் பக்கம் இளங்குடிப்பட்டி அய்யனார் கோயிலில் மண் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வேளார் வீட்டில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். மண்ணோடு மணலும் உமியும் சேர்த்துப் பிசைய வேண்டும், கால்களை முதலில் குழாய்போல வனைந்து நிறுத்த வேண்டும், அது இறுகிய பிறகுதான் வயிறு. மாலையில் பெரியவர் என்னைக் காது வைக்கச் சொன்னார். வைத்தேன். தள்ளி நின்று பார்த்துவிட்டு, “டீச்சர், அய்யனார் கழுதையில வரமாட்டாருங்க” என்றார். ஒரு நாள் கூலியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். இப்படிப் போகிறவர்கள் அதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஓசியில் கதை கேட்கக்கூடாது. ஆத்தாவுக்கு மட்டும் பணம் கொடுக்க முடியவில்லை, திட்டிவிட்டது. வெற்றிலை வாங்கிக் கொடுத்தேன்.

குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். கிரந்த எழுத்தில் 38 வரி. பக்கத்தில் சங்கீதம் தெரிந்தவர் ஒருவர் இல்லாவிட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் இருக்கும். நேரமில்லை.

கொடும்பாளூருக்கு மட்டும் ஒரு நிமிஷம். மூவர் கோயிலில் இரண்டுதான் நிற்கிறது, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். அந்த ஊர்த் தலைவன் பூதி விக்கிரமகேசரி தனக்கொன்றும், மனைவியர் கற்றளி, வரகுணை இருவர் பேரில் ஒவ்வொன்றும் கட்டியது. அந்தக் கொடும்பாளூரைச் சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு ஒருவர் வழி சொல்லித்தான் தெரியும். மாங்காட்டு மறையோன். கொடும்பை நெடுங்குளக் கரைக்குப் போனால் சூலம் மாதிரி வழி மூன்றாகப் பிரியும் என்று, வழியில் என்னென்ன இருக்கும் என்பது வரை சொல்லி அனுப்புகிறார். வாயிருந்தால் வங்காளம், கோவலனுக்கு மதுரை. ஆனால் அவன் நடக்கத் தயாராக இருந்தான். எனக்கு முட்டி இடம் தரமாட்டேன் என்கிறது.

ஆகவே கோரிக்கைக்கு வருகிறேன். வார்டு உறுப்பினர் அவர்கள் கிளம்புவது போலத் தெரிகிறது, இரண்டே நிமிஷம் உட்காருங்கள் ஐயா. எங்களுக்கு ஒரு சுற்றுப் பேருந்து வேண்டும். சனி, ஞாயிறு மட்டும் போதும். காலை 7 மணிக்குப் புதுக்கோட்டையில் கிளம்பி நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர். ஒன்று விட்டு ஒன்று, இரண்டு வண்டி. ஒரு வண்டியில் இறங்கினால், பார்த்து முடித்து அடுத்த வண்டியில் ஏற வேண்டும். நிறுத்தத்துக்கு ஒருவராக அந்தந்த ஊர் இளவட்டம் ஒருவர் வழிகாட்டி, அவருக்கு நாள் கூலி. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டு. கழிப்பறை வேண்டும் என்பதையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், தனி மனு போட எனக்குத் தெம்பில்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், கும்பிட வேண்டிய திட்டம். மூன்றாவது சேதி செலவு என்றேனே, அதற்கு இதுதான் பதில்: டிக்கெட் செலவு இல்லை. ஆனால் இலவச டிக்கெட்டை வைத்துக்கொண்டு வராத பஸ்ஸில் எப்படி ஏறுவது? முதல் சேதி பாதுகாப்பு. அதற்கும் ஒரே பதில்தான். ஆறு மணிக்கு பஸ் வந்தால் பாதுகாப்பு, வராவிட்டால் தேங்காய்.

வணிகர் சங்கத் தலைவர் ஐயா அவர்கள் சங்கத்தின் சார்பில் இந்தக் கோரிக்கை மனுவில் கையெழுத்துப் போடுவதாக இப்போது என் காதில் சொன்னார்கள். மைக்கில் சொல்லச் சொன்னேன், சிரித்துவிட்டார்கள். நானே சொல்லிவிடுகிறேன்: நன்றி ஐயா.

இதுவரை 412 கையெழுத்து. 500 ஆனதும் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறோம். வாசல் பக்கத்து மேசையில் நோட்டு இருக்கிறது, சுண்டல் அதற்கு அடுத்த மேசையில். கையெழுத்துப் போட்ட பிறகு சுண்டல். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், போன கூட்டத்தில் மூன்று பேனா காணாமல் போய்விட்டது.