ஒற்றை ஓட்டுக்காரர்கள்

பெரியோர்களே, நண்பர்களே,

பெல்ஜியம் 1830-இல் நெதர்லாந்திடமிருந்து பிரிந்த சின்ன நாடு. அடுத்த ஆண்டே அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. பத்திரிகைச் சுதந்திரம், மதச் சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை எல்லாம் அதில் இருந்தன. பக்கத்து நாடுகள் அண்ணாந்து பார்த்த சட்டம் அது. சரி, ஓட்டு யாருக்கு? குறிப்பிட்ட அளவு நேரடி வரி கட்டும் ஆண்களுக்கு மட்டும். சுமார் 40 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் 46 ஆயிரம் வாக்காளர்கள். நூற்றுக்கு ஒருவர்தான்!

1848-இல் பாரிஸில் புரட்சி வெடித்ததும் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸ் பயந்தது. வரி வரம்பை அவசரமாகக் குறைத்தார்கள். வாக்காளர்கள் 79 ஆயிரம் ஆனார்கள். அதற்குக் கீழே குறைக்க அரசியல் சட்டமே இடம் தரவில்லை. அதே நிலை இன்னும் 45 ஆண்டுகள் நீடித்தது.

ஓட்டு இருந்தவரும் சுதந்திரமாகப் போட்டுவிடவில்லை. வாக்குச் சீட்டை எழுதிக்கொண்டு வர வேண்டும். பெயரை எப்படி எழுதுவது, எந்தத் தாளில் எழுதுவது என்று நிலக்காரர் முன்கூட்டியே சொல்லி வைப்பார். எண்ணும்போது அந்த அடையாளத்தைப் பார்த்தே யாருடைய சீட்டு என்று தெரிந்துவிடும். குத்தகைக்காரர் என்ன செய்வார், பாவம்! 1877-இல்தான் அரசு அச்சிட்ட சீட்டும், தடுப்பு வைத்த மறைவிடமும் வந்தன. அந்தத் தடுப்புப் பலகையை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அதற்குப் பின்னால் நின்ற சில நொடிகளாவது குத்தகைக்காரருக்கு நிலக்காரர் இல்லை.

இதற்கிடையே பெல்ஜியத்தின் போரினாஜ், லியேஜ் பகுதிகளில் நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகின. நாட்டையே ஓட்டியது அந்தக் கரி. அதை வெட்டியவருக்கு ஓட்டு இல்லை. 1885-இல் தொழிலாளர் கட்சி உருவாகி, எல்லா ஆண்களுக்கும் ஓட்டு கேட்டது. 1893 ஏப்ரலில் நாடாளுமன்றம் அதை நிராகரித்ததும் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏப்ரல் 17, மோன்ஸ் நகரில் தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு, உயிர்கள் போயின. மறுநாளே நாடாளுமன்றம் இறங்கி வந்தது.

எப்படி இறங்கி வந்தது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். லூவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்பெர் நிசென்ஸ் கொண்டுவந்த திட்டம் அது. 25 வயதான எல்லா ஆண்களுக்கும் ஒரு ஓட்டு. 35 வயதைக் கடந்து, 5 பிராங்க் வீட்டு வரி கட்டும் குடும்பத் தலைவருக்கு இன்னொன்று. சொத்து இருந்தால் இன்னொன்று. உயர்கல்விப் பட்டம் இருந்தால் கூடுதலாக இரண்டு. யாருக்கும் மூன்றுக்கு மேல் இல்லை.

கணக்கைப் பாருங்கள். வாக்காளர்கள் 13 லட்சத்து 70 ஆயிரமாக உயர்ந்தார்கள். அதில் சுமார் 8 லட்சத்து 53 ஆயிரம் பேருக்கு ஒற்றை ஓட்டு. மிச்சம் 5 லட்சத்து 17 ஆயிரம் பேர் கையில் ஏறக்குறைய 12 லட்சத்து 57 ஆயிரம் ஓட்டு! எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டு, பெரும்பான்மையை அங்கேயே சிறுபான்மையாக்கிவிட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மோன்ஸில் செத்தவர்கள் இதற்காகவா தெருவுக்கு வந்தார்கள்?

ஆனாலும் அந்த ஒற்றை ஓட்டுக்காரர்கள் சோர்ந்துவிடவில்லை. 1894 அக்டோபர் தேர்தலில் தொழிலாளர் கட்சிக்கு 28 இடங்கள். அதுவரை நாடாளுமன்றக் கீழ்ச்சபையில் அவர்களுக்கு ஒரு இடம்கூடக் கிடையாது. அந்தக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான, கென்ட் நகரத்து எட்வார் ஆன்சீலை லியேஜ் தேர்ந்தெடுத்தது. இன்னொரு தலைவர் எமில் வாண்டர்வெல்டை ஷார்ல்ருவா நகரம் அனுப்பியது. கத்தோலிக்கக் கட்சிதான் பெரிதாக வென்றது. நடுவில் சிக்கிய லிபரல் கட்சி இருபது இடங்களுக்குச் சுருங்கியது. ஓட்டுக்கும் இடத்துக்கும் பொருத்தமே இல்லை என்ற குறை வலுத்ததால், கென்ட் பேராசிரியர் விக்டர் டோண்ட் வகுத்த விகிதாசார முறையை, அதாவது வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற அளவில் கட்சிகளுக்கு இடம் தரும் முறையை, 1899-இல் சட்டமாக்கினார்கள்.

மூன்று ஓட்டு வழக்கம் 1919 வரை ஓடியது. அப்புறம்தான் ஆணுக்கு ஆண் சமம். சுரங்கங்களில் கரிவண்டி தள்ளிய பெண்களின் கதை வேறு. போரில் கணவனையோ மகனையோ இழந்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் 1919-இல் நாடாளுமன்ற ஓட்டு கிடைத்தது. மற்ற பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டது 1949-இல்.