கைமாறுவது நிலம்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளைப் பிரிட்டன் மொரீஷியஸ் நாட்டிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் வென்றது நீதியா, அரசுகளா என்பது இன்றைய கேள்வி. அரசுகளே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரி, 2019-இல் சர்வதேச நீதிமன்றத்தில் 13 நீதிபதிகள் ஒருபக்கம், ஒரே ஒருவர் மறுபக்கம் என்று நின்று, பிரிட்டன் வெளியேற வேண்டும் எனக் கருத்துரைத்ததைச் சொன்னார். ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் ஆதரித்ததையும் சொன்னார். ஓர் எழுத்தைக்கூட மறுக்கமாட்டேன். மொரீஷியஸுக்கு விடுதலை தருவதற்கு மூன்று வருடம் முன்பு, 1965-இல், அந்தத் தீவுகளைத் தனியே வெட்டி எடுத்துக்கொண்டது பச்சை அநியாயம்தான்.

ஆனால் அது யார் வீடு, நடுவரே? அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் தென்னந்தோப்புகளில் உழைத்து வாழ்ந்த மண் அது. அங்குள்ள டியாகோ கார்சியா தீவில் அமெரிக்காவுக்கு ராணுவத் தளம் வேண்டும் என்பதற்காக 1973-க்குள் அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். வைத்தியத்துக்காக மொரீஷியஸ் போனவர்களை ஊர் திரும்பக் கப்பல் ஏற விடவில்லை. அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, புகை விட்டுக் கொன்றார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, இப்போது 2025 மே 22-க்கு வருவோம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டிய நாள். டியாகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள், எங்களைக் கேட்காமல் எங்கள் ஊரைக் கொடுக்காதீர்கள் என்று லண்டன் நீதிமன்றம் போய், விடியுமுன்னே இடைக்காலத் தடை வாங்கினார்கள். சில மணி நேரத்தில் தடை நீங்கியது. அன்றே கையெழுத்து விழுந்தது. 2022-இல் தொடங்கிய பேச்சுவார்த்தை முழுக்க இரண்டு அரசுகளுக்கு இடையில்தான் நடந்தது. ஊர்க்காரர்களுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது? டியாகோ கார்சியா தளத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை. அதற்காக மொரீஷியஸ் அரசுக்குப் பிரிட்டன் தருவது, சராசரியாக ஆண்டுக்கு 10 கோடியே 10 லட்சம் பவுண்டு. சாகோஸ் மக்களுக்கான அறக்கட்டளைக்கு மொத்தமாக 4 கோடி பவுண்டு. ஒரு வருடக் குத்தகைப் பணத்தில் பாதிகூட வரவில்லை! மற்றத் தீவுகளில் மொரீஷியஸ் அரசு மக்களைக் குடியேற்றலாம் என்கிறார்கள். ஆனால் தீவுக்கூட்டத்திலேயே பெரியதான டியாகோ கார்சியாவுக்கு அந்த அனுமதி இல்லை.

சாகோஸ் மக்களில் ஒரு பிரிவினர் இதை வரவேற்றார்கள். ஐம்பது வருடம் காத்திருந்தவர்களின் மகிழ்ச்சி அது, அதை மதிக்கிறேன். ஆனால் வழக்குப் போட்ட அந்த இரண்டு பெண்களுக்கு, அவர்கள் பிறந்த தீவில் குடியிருக்க இந்த ஒப்பந்தத்தின் எந்த வரி வழி செய்கிறது? எதிரணியிடம் இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள் நடுவரே, அப்புறம் உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.