லால்பாக்: பாறையில் தொடங்கி ஏரி வரை

[காட்சி: மேற்கு வாசல், காலை]

பெங்களூரின் லால்பாக் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து, லால்பாக் மெட்ரோவில் இறங்கி மேற்கு வாசலில் நுழைபவர்கள் பெரும்பாலும் நேரே கண்ணாடி மாளிகைக்குத்தான் நடக்கிறார்கள். முதலில் பாறைக்குப் போங்கள். அது டபுள் ரோடு பக்கம், பிரதான வாசலை ஒட்டி இருக்கிறது. வெயில் ஏறினால் கல் சுடும், மழை ஈரத்தில் வழுக்கும். அதனால் காலை எட்டு மணிக்குள், நல்ல பிடிப்புள்ள செருப்போடு ஏறுங்கள்.

[காட்சி: பாறையின் பட்டைகள், நெருக்கத்தில்]

வெளுப்பும் கறுப்புமாக வரிகள் தெரிகின்றனவா? வெளுத்தது குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும், கறுத்தது பெரும்பாலும் பயோட்டைட் மைக்கா. பூமிக்கு அடியில் வெப்பமும் அழுத்தமும் தாங்கி உருமாறிய நைஸ் பாறை இது. வயது சுமார் 300 கோடி ஆண்டு. உச்சியில், பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடரின் பெயரால் உள்ள கோபுரம்.

தோட்டத்தில் நம் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து வந்த கல்மரமும் உண்டு. வயது சுமார் 2 கோடி ஆண்டு. வண்டலில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, மரத்தின் இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. தொட்டுத் தேய்க்காமல் பாருங்கள்.

[காட்சி: மர நிழல் பாதை]

1760-இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் இது. டெல்லி, முல்தான், லாகூர், ஆற்காடு என்று பல ஊர்களிலிருந்து செடிகள் வந்தன. 1856-இல் அரசுத் தாவரவியல் தோட்டமானது. அதன் பிறகு வெளிநாட்டுப் பயிர் இந்த மண்ணில் பிடிக்குமா என்று சோதிப்பதே முக்கிய வேலை. 1874-இல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஜான் கேமரன் காலத்தில்தான் சௌசௌ இங்கே வந்தது. இன்று நம் கூட்டில் போடுகிறோமே, அதேதான்.

[காட்சி: கண்ணாடி மாளிகை]

1889-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. குளிர்நாடுகளில் கண்ணாடி வீடு செடிக்குச் சூடு காக்கும். பெங்களூரில் அது தேவையில்லை. இது கண்காட்சிக்கான கூடம். கிழக்குச் சிறகு 1935-இல் கர்நாடகத்துப் பத்ராவதி ஆலையின் இரும்பில் சேர்த்தது. ஜனவரி, ஆகஸ்ட் மலர்க் கண்காட்சி நாட்களில் வார்ப்பிரும்புத் தூண்களையும் வளைவுகளையும் பூ அலங்காரம் மறைத்துவிடும். கட்டடத்தைப் பார்க்க வேண்டுமானால் சாதாரண வார நாள்தான் சரி.

[காட்சி: தெற்கே ஏரி, நகரத்துச் சாலை]

தெற்கே இறங்கினால் ஏரி. 1908-இல் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் கிரும்பீகல், மாதத்துக்கு ஒரு மரம் பூக்கும்படி ஊர்ச் சாலைகளுக்கும் மரங்களைத் தேர்ந்தார். மார்ச் வாக்கில் வந்தால் ஜகரண்டா ஊதா, ஏப்ரல் மே என்றால் குல்மோஹர் சிவப்பு.