இரண்டு யசோதைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் கச்சேரிக்குப் போகும் வழக்கமுள்ள தமிழர் எவருக்கும் கன்னடப் பக்திப் பாடல்களான தேவர்நாமாக்களில் இரண்டு நன்கு பழகியிருக்கும். ஒன்று, வியாசராயர் இயற்றிய ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’. மற்றொன்று, அவருடைய சீடரான புரந்தரதாசர் இயற்றிய ‘ஜகதோத்தாரண ஆடிஸிதளு யசோதே’. இரண்டிலும் யசோதை இருக்கிறாள், குழந்தைக் கண்ணன் இருக்கிறான். முதல் பாடலைத் தம் அபிநயத்தால் கடல் கடந்து கொண்டு சென்றவர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி, இரண்டாவதை எம்.எஸ். சுப்புலட்சுமி பாடக் கேட்டே நம்மில் பலர் மனப்பாடம் செய்தோம். இவ்விருவரில் யாரை வீராங்கனை என்று கொண்டாடுவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

வீரம் என்ற சொல்லைக் கலைஞர்களுக்குப் பயன்படுத்துவது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். ஆனால் இவ்விருவரும் புறப்பட்ட இடத்தை நினைத்துப் பாருங்கள். 1916-இல் மதுரையில் பிறந்த சுப்புலட்சுமியின் தாயார் வீணைக் கலைஞர் சண்முகவடிவு. 1918-இல் சென்னையில் பிறந்த பாலாவின், அதாவது பாலசரஸ்வதியின், பாட்டி வீணை தனம்மாள், தாயார் பாடகி ஜெயம்மாள். இரண்டும் தாய்வழியாகக் கலையை வளர்த்த குடும்பங்கள். எந்தச் சமூகம் இவர்களுடைய பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் தலையசைத்ததோ, அதே சமூகம் அக்குடும்பத்துப் பெண்களை மரியாதைக்குரியவர்களாக ஏற்க மறுத்த காலம் அது. ஆலயங்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நிறைவேறியது. அதற்கு முந்தைய பல ஆண்டுகளாகவே பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் ஆட்டம் வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் மூண்டிருந்தது. இரு சிறுமிகளும் நண்பர்கள். 1930-களில் இருவரும் மேனாட்டு இரவு உடை அணிந்து, உதட்டில் சிகரெட்டுடன் எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம் இன்றும் இருக்கிறது. எம்.எஸ்ஸைப் பட்டுப் புடவையோடு பூஜையறைப் படமாகவே அறிந்தவர்கள் அதைக் கண்டு திடுக்கிடுகிறார்கள். எனக்கு அந்தப் படம் மிகவும் பிடிக்கும்.

அந்த இரு தோழியரும் பின்னர் வெவ்வேறு வழியில் சென்றார்கள். 1940-இல் சதாசிவத்தை மணந்த எம்.எஸ்., ‘கல்கி’ இதழ் தொடங்கப் பணம் வேண்டும் என்பதற்காக ‘சாவித்திரி’ படத்தில் நாரதர் வேடம் ஏற்றார். 1945-இல் ‘மீரா’ வந்தது. அதன் இந்தி வடிவத்தின் வழியே வடநாடு முழுவதும் அவரை அறிந்தது. அதன் பிறகு அவர் திரைப்படத்தின் பக்கம் திரும்பவில்லை. 1944-இல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காகத் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் கச்சேரி வருவாயை வாரி வழங்கிக்கொண்டே இருந்தார். 1974-இல் அவருக்குக் கிடைத்த மகசேசே விருது பொதுச் சேவைக்காக வழங்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. ‘எல்லாம் கணவர் வகுத்தபடி நடந்த பதுமை’ என்று அவரைப் பற்றிச் சொல்லும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. நான் அதை ஏற்பதில்லை. எத்தனையோ மொழிகளில் பாடியவர், ஒவ்வொன்றிலும் உச்சரிப்பு பிசகாமல் இருக்க அந்தந்த மொழி அறிந்தவர்களிடம் மாணவியாக அமர்ந்தார். புகழின் உச்சியில் இருந்த ஒருவர் அப்படி அமர்வது பணிவு மட்டுமன்று, மன உறுதியும்கூட. நம் சாமராஜ்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்து ராமநவமிப் பந்தலில் அவர் பாடியதை நேரில் கேட்டவர்கள், அந்தக் கன்னடத்தைக் குறித்து இன்றும் பெருமையோடு பேசுவார்கள்.

பாலாவின் வழி வேறு. பரதநாட்டியத்தை வகுத்த சகோதரர்களான தஞ்சை நால்வரின் மரபில் வந்த கந்தப்பப் பிள்ளையிடம் கற்று, 1925-இல், ஏழாம் வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர் அவர். ஆட்டத்தைப் ‘புனிதப்படுத்த’ வேண்டும், காதல் சுவையான சிருங்காரத்தைக் குறைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னபோது, சிருங்காரமே இக்கலையின் உயிர், அதில் கழுவ வேண்டிய அழுக்கு எதுவும் இல்லை என்று அவர் நின்றார். 1975-இல் தமிழ் இசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில், அலாரிப்பு தொடங்கித் தில்லானா வரையுள்ள நடன உருப்படிகளின் வரிசையைக் கோபுர வாயில் முதல் கருவறை வரை செல்லும் பயணத்துக்கு அவர் ஒப்பிட்டார். கோவிலைவிட்டு விலக்கப்பட்ட ஒரு மரபின் மகள், தன் ஆட்டத்தையே கோவிலாக எடுத்துக்காட்டினார்.

இங்கே நான் சற்று நின்றாக வேண்டும். என் வீட்டார் இதைக் கேட்டால், ‘மறுபடியும் பேகனே பாரோவா’ என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிறுவனாக இருந்தபோதே பாலாவின் ஆட்டத்தைக் கல்கத்தாவில் பார்த்த சத்யஜித் ராய், 1976-இல் அவரைப் பற்றி ‘பாலா’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். அதில் கடற்கரையில் பாலா இப்பாடலுக்கு அபிநயம் பிடிக்கிறார். அப்போது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. பருத்த உடல், பின்னால் அலை, புடவையை விடாமல் இழுக்கும் காற்று. ‘விரைந்து வா’ என்பதே பல்லவி. அந்த ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது. வரும்போதெல்லாம் அது வேறொன்றாகிறது. ஒரு முறை அது தாயின் அழைப்பு, மறு முறை கொஞ்சல், பிறகு பொய்க் கோபம். காலில் சதங்கை, கையில் குழல் என்று பாடல் அடுக்கும் ஒவ்வொன்றையும் கண் காட்டுகிறது. வாயைத் திறந்து உலகத்தைக் காட்டினான் என்ற இடம் வரும்போது தாய் அச்சத்தில் உறைகிறாள், அடுத்த கணமே அவன் மறுபடியும் அவளுடைய பிள்ளை. காற்று புடவையைக் கலைத்தால் கலைக்கட்டும் என்று அவர் ஆடிக்கொண்டே இருக்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தன் தோற்றத்தைப் பற்றிக் கவலையே இல்லை. யசோதையைப் பற்றி மட்டுமே கவலை. இதைத்தான் நான் வீரம் என்கிறேன்.

எம்.எஸ்ஸின் யசோதையைக் கேளுங்கள். ‘ஜகதோத்தாரண’ பாடும்போது அவர் தாயாக மாறிக் காட்டுவதில்லை. அந்தத் தாயைச் சற்றே விலகி நின்று வணங்குகிறார். உலகைக் காப்பவனைத் தன் மகன் என்று எண்ணி விளையாட்டுக் காட்டினாளே என்ற வியப்பு காப்பி ராகத்தில் நிறைந்திருக்கிறது. ஒருவர் தம்மை மறைத்துக்கொண்டு எல்லா வாயில்களையும் திறக்க வைத்தார். மற்றவர் தம்மைச் சிறிதும் மாற்றிக்கொள்ளாமல் வாயிலிலேயே நின்றார். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது 1968-இல் எம்.எஸ்ஸுக்கும் 1973-இல் பாலாவுக்கும் கிடைத்தது. முன்னவர் அதைப் பெற்ற முதல் பெண்மணி, பின்னவர் அதைப் பெற்ற முதல் நடனக் கலைஞர். இருவரில் என் ஓட்டு, மயிரிழை வித்தியாசத்தில், பாலாவுக்கு. எம்.எஸ்ஸைப் போற்ற நாடே இருந்தது, 1998-இல் பாரத ரத்னாவும் வந்தது. பாலாவின் பிடிவாதத்தை அவர் காலத்திலேயே புரிந்துகொண்டவர்கள் குறைவு.

சீடர்களைப் பற்றியும், பாலாவின் சகோதரர்கள் ரங்கநாதனும் விஸ்வநாதனும் அமெரிக்காவில் கற்பித்ததைப் பற்றியும், எம்.எஸ்ஸின் பின்னால் அமர்ந்து பாடிய மகள் ராதாவைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ராதாவைப் பற்றி ஒரு வரியாவது சொல்லிவிடுகிறேன். 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். பாடியபோதும் அவர் உடன் பாடினார். அந்த ஒலிப்பதிவில் இரண்டாவது குரலைத் தனியே கேட்டுப் பாருங்கள். வணக்கம்.