அச்சாணியின் பெயர் சிக் ஃபௌல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, உடல்நலம் சரியில்லாத நிலையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, தபால் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர்களே, புரொஜக்டர் பக்கத்திலேயே நின்று கேட்கும் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய பொருளாளர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. நான் எந்த மேடை ஏறினாலும் சொல்லுகிற பழமொழிதான். இன்று பார்க்கப்போகும் 'நைட் மெயில்' என்ற ஆவணப்படத் தேரின் அச்சாணி, ஒளிப்பதிவாளர் சிக் ஃபௌல். அவரைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: தபால் துறைப் படப்பிரிவில் அவர் பார்த்த வேலை, போர்க்கால பிரிட்டன், அப்புறம் பிரேசில்.

1933-ல் பிரிட்டிஷ் தபால் துறை ஜான் கிரியர்சன் தலைமையில் ஒரு படப்பிரிவைத் தொடங்கியது. அன்றைய ஆவணப்படக்காரர்கள் பெரிதும் நம்பியது நியூமன் சின்க்ளேர் என்ற கேமராவை. சாவி கொடுத்தால் ஓடும். 200 அடி பிலிம் கொள்ளும். இரண்டு நிமிடம் சொச்சம் ஓடி நின்றுவிடும். கரண்ட் வேண்டாம், ரயிலிலும் ஏற்றலாம்.

1936-ல் வந்த 'நைட் மெயில்', லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு ஓடும் தபால் ரயிலின் கதை. வெளிக்காட்சிகளை ஓடும் ரயிலிலேயே பிடித்தார்கள். சரி, உள்ளே கடிதம் பிரிக்கும் பெட்டியை என்ன செய்வது? விளக்குகளையும் ஒலிப்பதிவுக் கருவியையும் அந்த இடுக்கில் எப்படித் திணிப்பது? ஸ்டுடியோவில் அதே மாதிரி ஒரு பெட்டியைப் போட்டார்கள். நடிகர்களைத் தேடவில்லை. அசல் தபால் ஊழியர்களையே நிற்க வைத்தார்கள். தினமும் ரயிலில் ஆடிக்கொண்டே வேலை பார்த்தவர்கள், ஆடாத தரையில் நிற்கிறார்கள்! ஓடாத பெட்டியில் நீங்களாகவே லேசாக ஆடுங்கள் ஐயா என்று சொல்ல வேண்டியதாயிற்று. கூடவே மேலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு அதையும் ஆட்டினார்கள். திரையில் பாருங்கள், அந்தக் கயிறு ஆடும்போது ரயிலே ஓடுகிறது. தபால் துறைப் பெரியவர்களே, கடிதத்தை அந்தந்த ஊர்க் கட்டத்துக்குள் எறிகிற அந்தக் கைவேகத்தை உங்களைவிட யார் ரசிக்க முடியும்!

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஃபௌல் படம்பிடித்த 'லிசன் டு பிரிட்டன்' 1942-ல் வந்தது. விளக்கவுரையே கிடையாது. நேஷனல் கேலரியில் மைரா ஹெஸ் பியானோ வாசிக்கிறார், ஜனங்கள் கேட்கிறார்கள். கேமரா அந்த முகங்களை அவசரப்படுத்தாமல் பார்க்கிறது. பிரேசில் கதைக்கு நேரமில்லை. 1962-ல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கிய பிரேசில் படத்துக்கும் ஒளிப்பதிவு இவர்தான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஏனென்றால் என் வழக்கு வேறு. இன்றைய அழைப்பிதழைப் பாருங்கள். பாட்டு எழுதிய கவிஞர் ஆடன் பெயர் இருக்கிறது, இசையமைத்த பெஞ்சமின் பிரிட்டன் பெயர் இருக்கிறது, இயக்கிய ஹாரி வாட், பேசில் ரைட் பெயர்கள் இருக்கின்றன. எல்லோரும் பெரியவர்கள், இருக்கட்டும். கேமராவுக்குப் பின்னால் நின்ற ஃபௌலும் ஜோனா ஜோன்ஸும் எங்கே? படத்தின் டைட்டிலில் இருக்கும் பெயர் நம் அழைப்பிதழில் ஏன் இல்லை? நம் ஊர் ஆவணப்படங்களைத் திரையிடும்போதும் இதே கதைதான். கல்யாண வீட்டிலும் காட்டிலும் வெள்ளத்திலும் கேமராவைத் தோளில் சுமந்தவனுக்கு ஒரு வரி கிடையாது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்றால், அச்சாணிக்கு அழைப்பிதழில் இடம் வேண்டாமா?

தலைவர் அவர்களே, அடுத்த மாத அழைப்பிதழிலிருந்தே ஒளிப்பதிவாளர் பெயரை, இயக்குநர் பெயருக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும். கோரிக்கை மனுவை வாசலில் வைத்திருக்கிறேன். படம் முடிந்து போகும்போது அன்பர்கள் கையெழுத்திட்டுச் செல்லவும். தம்பி, விளக்கை அணைக்கலாம்.