அக்குளில் கட்டி, மார்பில் ஒன்றுமில்லை

எல்லோருக்கும் வணக்கம்.

குளிக்கும்போது அக்குளில் கொட்டைப்பாக்கு அளவில் ஏதோ கையில் தட்டுப்படுகிறது. வலி இல்லை. "நெறி கட்டியிருக்கும், தானாகப் போயிடும்" என்பார்கள் வீட்டில். பல நேரம் அது சரிதான். கையில் புண் வந்தாலும் நெறி கட்டும், காசநோயிலும் கட்டும். ஆனால் சில வாரமாகியும் கரையாமல் கெட்டியாக நின்றால் பயாப்சி (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுத்தே ஆக வேண்டும். அதில் மார்பகப் புற்றுநோய் என்று வந்து, மேமோகிராமில் (மார்பை எடுக்கும் எக்ஸ்ரே படம்) மார்பு சுத்தமாக இருந்தால்? அதைத்தான் மறைந்திருக்கும் மார்பகப் புற்றுநோய் என்கிறோம்.

நூறு மார்பகப் புற்றுநோயில் ஒன்றுகூட இப்படி வராது. பால்டிமோரில் இருந்த அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1907-லேயே இதை எழுதி வைத்தார். அப்புறம் வெகுகாலம் ஒரே வழிதான்: மார்பை முழுதாக எடுத்துவிடுவது. எடுத்த மார்பை ஆய்வகத்தில் மெல்லிய துண்டுகளாக அறுத்துத் தேடுவார்கள். பலருக்குச் சின்னக் கட்டி அகப்படும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அதுவும் அகப்படாது. மார்பை இழந்த பிறகு "கட்டி எதுவும் காணவில்லை" என்ற அறிக்கையைக் கையில் வாங்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். எனக்கு அது தாங்கவில்லை.

இப்போது எம்.ஆர்.ஐ. இருக்கிறது. குப்புறப் படுக்க வைத்து, மார்புகள் இரண்டு குழிகளில் தொங்கும்படி வைத்து, கையில் மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள். மேமோகிராம் தவறவிட்ட கட்டி பாதிப் பேருக்கு மேல் இதில் தெரிந்துவிடும். தெரிந்தால் வழக்கமான சிகிச்சைதான்.

எம்.ஆர்.ஐ.யிலும் தெரியவில்லையா? அக்குள் கணுக்களை, அதாவது நெறி கட்டும் அந்த முடிச்சுகளை, அறுவை செய்து எடுத்துவிட்டு, மார்புக்குக் கதிர்வீச்சு கொடுக்கலாம். நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்களே, அதுதான். அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 1983 முதல் 2006 வரையிலான 750 பெண்களின் கணக்கைப் பார்த்தார்கள். அக்குள் அறுவையோடு மார்பையும் எடுத்தவர்கள் அல்லது கதிர்வீச்சு பெற்றவர்களில் பத்தாண்டு கழித்து சுமார் 65 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அக்குள் அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் சுமார் 58. எதுவுமே செய்யாதவர்களில் 47-ஐ ஒட்டி. நோய் அரிது என்பதால், பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட பெரிய ஆய்வு இதில் இல்லை; பதிவேட்டுக் கணக்கை அந்த அளவுக்கே நம்ப வேண்டும். ஆனாலும் மார்பைச் சும்மா விடக் கூடாது என்பது இதில் தெரிகிறது. கதிர்வீச்சு பெற்றவர்கள் மார்பை எடுத்தவர்களைவிட மோசமாகப் போகவில்லை என்றே மற்ற ஆய்வுகளும் சொல்கின்றன.

நீண்டகாலப் பலனை முடிவு செய்வதில் பெரிய பங்கு அக்குளுக்குத்தான்: எத்தனை கணுக்களில் நோய் பரவியிருக்கிறது, அது ஹார்மோனால் வளரும் வகையா, ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த வகையா என்பது.

அதனால் எடுப்பதா வைத்துக்கொள்வதா என்பதை, இந்தக் கணக்கையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தப் பெண்ணே சொல்லட்டும். வைத்துக்கொண்டவர்கள் வருடா வருடம் மேமோகிராம் எடுக்கட்டும். ஹார்மோன் வகை என்றால் ஐந்து வருடமாவது மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடட்டும். அறுவை செய்த பக்கத்துக் கை வீங்கினால் அன்றைக்கே வந்து காட்டுங்கள்.