எலும்பு தெரியும் காயத்தை எப்படி மூடுகிறார்கள்? ஃபிளாப் அறுவை சிகிச்சை

[திரையில்: ஒரு கால். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது.]

வணக்கம். முழங்காலுக்குக் கீழே முன்பக்கமாக விரலை வைத்து, அப்படியே கணுக்கால் வரை இழுத்துப் பாருங்கள். விரலுக்கும் எலும்புக்கும் நடுவே என்ன இருக்கிறது? தோல், அதன் கீழே கொஞ்சம் கொழுப்பு. அவ்வளவுதான். சதையில் பெரும்பகுதி பின்பக்கம், கெண்டைக்காலில் இருக்கிறது. கட்டில் விளிம்பில் இடித்துக்கொண்டால் உயிர் போகிற மாதிரி வலிப்பது இதனால்தான். பெரிய விபத்தில் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதும் இந்த இடத்தில் அதிகம்.

முறிந்த எலும்பைப் பிடித்து நிறுத்தக் கம்பி இருக்கிறது, பிளேட் இருக்கிறது, வெளியிலிருந்து கட்டும் ஃபிக்சேட்டர் இருக்கிறது. ஆனால் அதை மூடத் தோலும் சதையும் இல்லையென்றால்? திறந்து கிடக்கும் எலும்பு காய்ந்துபோகும். காய்ந்த எலும்பு செத்துவிடும். செத்த எலும்பு கிருமிக்கு நல்ல வீடு. திறந்த எலும்பு முறிவுகளைத் தரம் பிரிக்கும் கஸ்டிலோ ஆண்டர்சன் முறையில் இந்த ரகத்துக்கு 3பி என்று பெயர். கேஸ் ஷீட்டில் அப்படி எழுதியிருந்தால், எலும்பு டாக்டரோடு பிளாஸ்டிக் சர்ஜனும் வந்து நிற்க வேண்டும் என்று அர்த்தம்.

[திரையில்: தோல் ஒட்டு ஒரு பக்கம், ஃபிளாப் ஒரு பக்கம்.]

சரி, தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டிவிட்டால் போதாதா? தீக்காயத்துக்கு அப்படித்தானே செய்கிறார்கள்?

ஒட்டும் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடவே வராது. முதல் இரண்டு நாள், காயத்தில் கசியும் நீரை உறிஞ்சித்தான் அது பிழைக்கிறது. அதற்குள் அடியில் இருக்கும் சதையிலிருந்து நுண்ணிய ரத்தக் குழாய்கள் அதற்கு வந்து சேர வேண்டும். உயிருள்ள சதை மேல் ஒட்டினால் வந்துவிடும். மேலுறை உரிந்த எலும்பு மேல், வெறும் தசைநாண் மேல், ஸ்டீல் பிளேட் மேல் ஒட்டினால் எங்கிருந்து வரும்? பாறையில் நாற்று நட்ட கதைதான்.

ஃபிளாப் வேறு சாதி. தாய்மண்ணோடு செடியைப் பெயர்த்து நடுகிறோமே, அது மாதிரி. தோலோ, சதையோ, சில நேரம் எலும்புமே, தனக்கு ரத்தம் தரும் குழாயோடு சேர்ந்து வருகிறது. அடியில் பாறை இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

நடுவதற்கு முன் நிலத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். செத்த தோல், நசுங்கிய சதை, மண், எண்ணெய், கரி, எல்லாவற்றையும் வெட்டி எடுத்துக் கழுவுகிறார்கள். எலும்பைச் செதுக்கும்போது சிவப்புப் புள்ளிகளாக ரத்தம் கசிந்தால் அது உயிருள்ள எலும்பு. கசியாவிட்டால் இன்னும் செதுக்க வேண்டும். என்னைக் கேட்டால், மொத்தச் சிகிச்சையிலும் அதிகத் துணிச்சல் தேவைப்படுவது இங்கேதான். "இதை விட்டுவைத்தால் பிழைத்துக்கொள்ளும்" என்று இரக்கப்பட்டு விட்ட சதைதான் நாலு நாள் கழித்து ஃபிளாப்புக்கு அடியில் சீழாக நிற்கும்.

[திரையில்: கால் மூன்று பங்காகப் பிரிகிறது.]

எங்கிருந்து எடுப்பது? காலை மூன்று பங்காகப் பார்ப்பது பழைய வழக்கம். மேல் பங்கில் காயம் என்றால், கெண்டைக்காலில் மேலாக இருக்கும் காஸ்ட்ரோக்னீமியஸ் சதையின் ஒரு பாதியைக் கீழ்முனையில் விடுவித்து முன்பக்கம் திருப்பிவிடலாம். அதற்கு ரத்தம் முழங்காலுக்குப் பின்னாலிருந்து வருகிறது, அந்தக் குழாயைத் தொடுவதே இல்லை. நடுப் பங்குக்கு அதன் அடியில் இருக்கும் சோலியஸ். கீழ்ப் பங்கில்தான் சிக்கல். அங்கே திருப்பிவிடச் சதையே கிடையாது, எல்லாம் நாண்களாக மாறிவிடுகிறது. சிறிய காயமென்றால் பக்கத்துத் தோலையே அதன் குழாயை அச்சாக வைத்துச் சுழற்றி மூடுவார்கள். பெரியதென்றால் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும்.

தூரத்திலிருந்து கொண்டுவர முன்பு ஒரே வழிதான் இருந்தது: காயத்தைச் சதை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் வைப்பது. ஒரு காலின் தோலை இன்னொரு காலோடு தைத்து, இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிச் சுமார் மூன்று வாரம் படுக்க வைப்பார்கள். புது இடத்தில் ரத்தக் குழாய்கள் வளர்ந்த பிறகு நடுவில் வெட்டிப் பிரிப்பார்கள். கையில் காயம் என்றால், கையை இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே இருக்கும் மடிப்போடு தைத்துவிடுவார்கள். இந்த இரண்டாவது முறை இன்றைக்கும் நடக்கிறது. மைக்ராஸ்கோப் வேண்டாம், நம்பகமானது. மூன்று வாரம் கை பாக்கெட்டிலேயே இருக்கிற மாதிரிதான். தோள்பட்டை இறுகிப்போவது தனிக் கதை.

[திரையில்: மைக்ராஸ்கோப்புக்குக் கீழே இரண்டு குழாய் முனைகள்.]

1973-இல் மெல்போர்னில் ரோலின் டேனியல், இயன் டெய்லர் என்ற இரண்டு சர்ஜன்கள் அந்தக் கட்டை அவிழ்த்தார்கள். இடுப்பு மடிப்புத் தோலை அதன் குழாயோடு முழுசாக அறுத்தெடுத்து, காலில் வைத்து, அங்கிருக்கும் குழாய்களோடு தைத்தார்கள். இதுதான் ஃப்ரீ ஃபிளாப். இப்போது தொடையின் வெளிப்பக்கத் தோல், உள்தொடையில் இருக்கும் கிராசிலிஸ் சதை, முதுகின் அகலமான லாட்டிசிமஸ் சதை என்று எடுக்கப் பல இடங்கள். எலும்பே பல சென்டிமீட்டர் போய்விட்டால், காலின் வெளிப்பக்கம் இருக்கும் ஃபிபுலா எலும்பைக் குழாயோடு எடுத்து நடுவார்கள்.

தைக்கும் குழாய் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் குறுக்களவு. நூல் தலைமுடியின் பாதிப் பருமன்கூட இருக்காது. ஒரு தையல் எதிர்ச் சுவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் குழாய் அடைபட்டது. தமனியைத் தைத்ததும் வெளிறிக் கிடந்த சதை மெல்லச் சிவந்து, விளிம்பில் ரத்தம் துளிர்க்கும். பார்ப்பவர்கள் அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். சர்ஜனின் கவலை சிரையில். உள்ளே போகும் ரத்தத்துக்கு இதயத்தின் அழுத்தம் துணை. வெளியே வரும் ரத்தத்துக்கு அப்படி யாரும் இல்லை. சுவரும் மெல்லியது, லேசாக முறுக்கினாலே நசுங்கும். ஃபிளாப் கெடும்போது சிரை அடைத்துக் கெடுவதே அதிகம்.

அதனால்தான் அறுவை முடிந்த இரவில் நர்ஸ் மணிக்கொரு முறை வந்து ஃபிளாப்பைத் தொட்டுப் பார்க்கிறார். வெளிறி, சில்லென்று, தளர்ந்து கிடந்தால் தமனியில் அடைப்பு. நீலம் பாரித்து, வீங்கி, அழுத்தி எடுத்ததும் சட்டென்று நிறம் திரும்பினால் சிரையில் அடைப்பு. ஊசியால் குத்தினால் கறுத்த ரத்தம் வரும். எதுவானாலும் உடனே திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்கு. சில மணி நேரத்தில் திறந்து சரிசெய்தால் காப்பாற்ற வாய்ப்புண்டு. "காலையில் பார்க்கலாம்" என்றால் போச்சு. சிரை ஓட்டத்தைச் சரிசெய்யவே முடியாத சில இடங்களில் மருத்துவ அட்டைப் பூச்சிகளை விட்டுத் தேங்கிய ரத்தத்தை உறிஞ்ச விடுவதும் உண்டு. சிகரெட்டை ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதும் இங்கே புரியும். நிக்கோட்டின் சிறிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும்.

[திரையில்: காலண்டர் தாள்கள்.]

எப்போது மூட வேண்டும்? ஸ்லோவேனியாவின் லியூப்லியானா நகரில் மார்கோ கொடினா என்ற சர்ஜன் 532 நோயாளிகளின் கணக்கைத் தொகுத்தார். அது 1986-இல் வெளியானது. அடிபட்டு 72 மணி நேரத்துக்குள் ஃப்ரீ ஃபிளாப் வைத்தவர்களில் அது தோற்றது 0.75 சதவீதம். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் வைத்தவர்களில் 12 சதவீதம். தாமதமாகத் தாமதமாகக் காயத்தைச் சுற்றியிருக்கும் குழாய்கள் வீங்கி, தழும்பில் புதைந்து, தைக்க இடம் கொடுப்பதில்லை. காற்றை உறிஞ்சும் வேக்யூம் டிரெஸ்ஸிங் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்க உதவும். ஆனால் அது இடைக்கால ஏற்பாடுதான், ஃபிளாப்புக்கு மாற்றாகாது.

எல்லாக் காலையும் காப்பாற்றியே ஆக வேண்டுமா? அமெரிக்காவில் லீப் என்ற ஆய்வு, காலில் மோசமாக அடிபட்ட 569 பேரைத் தொடர்ந்து கவனித்தது. 2002-இல் வந்த முடிவில், காலை மீட்டவர்களும் எடுத்துவிட்டவர்களும் இரண்டு வருடம் கழித்து அன்றாட இயக்கத்தில் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்தார்கள். மீட்டவர்களுக்குத் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரி வாசம் மட்டும் கூடுதல். குடும்பத்தோடு பேசும் டாக்டர் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவது நல்லது என்பது என் கட்சி.

[திரையில்: ஆறிய கால், ஃபிளாப் இருக்கும் இடம் சற்று மேடாக.]

ஃபிளாப் பிடித்த பிறகும் காலை உடனே கீழே தொங்கவிட மாட்டார்கள். முதலில் சில நிமிடம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். சில மாதம் கழித்து மேடாக இருப்பதை மெலிய வைக்க இன்னொரு சிறிய அறுவை தேவைப்படலாம். தோல் மட்டும் பழைய ஊரை மறக்காது. தொடையிலிருந்து உள்ளங்கைக்கு வந்த தோலில் முடி முளைக்கும். வயிற்றிலிருந்து காலுக்கு வந்த ஃபிளாப், ஆள் எடை கூடினால் காலிலேயே தொப்பை போடும்.